கிழக்கே உப்புத்தண்ணிக் கடல்

"தெற்கே ஓடை, மேற்கே வண்டிப்பாதை, கிழக்கே உப்புத்தண்ணிக் கடல்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் ஏசுவடியான் எழுதுவார். முன்பொரு தடவை 'கிழக்கே சமுத்திரம்' என்று எழுதிப்போக, பதிவு ஆபீஸ் குமாஸ்தா, "சமுத்திரம், தகப்பனார் பேர் என்ன?" என்று கேட்டுத் திருப்பிவிட்டார். நம் பக்கத்தில் தெருவுக்கு இரண்டு பேருக்குச் சமுத்திரம் என்றே பேர் இருக்கும்போது அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அன்றிலிருந்து கடலுக்கு உப்புச் சேர்த்தே எழுதுகிறார்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டுக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவர். வெற்றிலை போடமாட்டார், எச்சில் முத்திரைத்தாளில் தெறித்துவிடுமாம். ஐம்பத்திரண்டு வயதாகியும் கடலைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் இராஜபாளையத்துப் பஞ்சு வியாபாரிகள் தூத்துக்குடிக் கரையில் வாங்கிப்போட்ட வீடுகளின் பூர்வீகம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். எந்தத் துரை கட்டினார், கப்பலேறும்போது யாருக்கு விற்றார், எந்த வீட்டுக் கிணறு உப்பு, எல்லாம் சொல்வார்.

போன மாசியில் சங்கையா என்பவர் காலையில் தனியாக வந்து விடுதலைப் பத்திரம் ஒன்று எழுதச் சொன்னார். மத்தியானம் தம் அண்ணி சுந்தரம்மாளைக் கூட்டிவந்தார். தம் மூச்சிழுப்புக்குக் கடல்காற்று நல்லதென்று கணவர் வாங்கிய வீடு ஒன்றுதான் அந்த விதவைக்கு மிச்சம். எழுத்துத் தெரியாது, கைரேகைதான்.

"வாசிக்க வேண்டாம்யா, பஸ் போயிரும்" என்றார் சங்கையா.

"வாசிக்காம ரேகை வாங்குனா எழுதுன கை வெளங்காது" என்று ஏசுவடியான் ஆரம்பித்தார். கட்டிய துரை, அவரிடம் வாங்கிய உப்பு வியாபாரி, பிறகு சுந்தரம்மாளின் கணவர் என்று ஒவ்வொரு சொந்தக்காரராகக் கடந்து 'விடுதலை' என்ற சொல்லுக்கு வந்தார்.

சுந்தரம்மாள் முகம் மலர்ந்தது. "விடுதலையா? நல்லதுதானய்யா. தெருவெல்லாம் வெள்ளைக்காரங்கிட்ட அதக் கேட்டுத்தான ஊர்வலம் போறாக. வீட்ட வாடகைக்கு விடுததுக்கும் அப்படித்தான் எழுதணுமாக்கும்?"

ஏசுவடியானுக்குச் சுரீரென்றது. காலையில் தாமே எழுதிய எழுத்தாயிற்றே! வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன.

"தாயி, இது வாடகைச் சீட்டு இல்ல. இதுல ரேகை வச்சா வீடு ஒன் கொழுந்தனுக்கு. பொறவு அதுல ஒரு ஓடுகூட ஒனக்குச் சொந்தமில்ல."

சுந்தரம்மாள் கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எழுதுறதோட ஒம்ம வேல முடிஞ்சுது. ரேகைய வாங்கும்யா" என்று சங்கையா அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்தார்.

ஏசுவடியான் ரேகை வைக்கும் மைத்தகரத்தை மூடினார். அதைத் தரையில் வைத்து, அதன்மேல் சம்மணம்போட்டு உட்கார்ந்துகொண்டார்.