ஏழுமலை அண்ணனின் போன் எங்கள் டேபிளில் இருந்தது

ஏழுமலை அண்ணன் வெயிலால் சாகவில்லை. நாங்கள் வெயிலில் நிற்க வைத்தோம், செத்தார்.

"வெயிலுக்குத் தொழிலாளி பலி" என்று செய்தி வந்திருக்கிறது. காலையிலிருந்து அதைத்தான் எல்லோரும் ஷேர் செய்கிறீர்கள், கைகூப்பும் ஸ்டிக்கரோடு.

தெரியாதவர்களுக்கு... ஏழுமலை அண்ணன் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஊர் முத்தாண்டிக்குப்பம், அங்கே காலனி. பண்ருட்டி ரோட்டில் பெரிய ஸ்கிரீன் வைத்த ஏசி பாரில் கிரிக்கெட் பார்க்கும் எங்கள் கும்பலில் ஒருவர். கும்பலில் பாதிப் பேர் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் பையன்கள், மைன்ஸ் பர்மனென்ட் ஆட்களின் பிள்ளைகள். நானும்தான்.

ஒரே ஒரு பீரை மேட்ச் முடிகிற வரைக்கும் வைத்துக்கொண்டிருப்பார். வீட்டில் டிவி இல்லையா என்று ஒரு தடவை கேட்டேன்.

"இருக்குது தம்பி. வூட்ல தனியா பாத்தா நியூஸ் பாக்குற மாதிரி இருக்குது. நாலு பேரு கத்திக்கினு இருந்தாதான் அது மேட்ச்சி."

அந்த நாலு பேர் நாங்கள்.

போன சீசனில் ஒரு நாள், ஷிப்ட் முடிந்து சட்டைகூட மாற்றாமல் ஓடி வந்து உட்கார்ந்தார். நம் டீமில் அடுத்தடுத்து இரண்டு விக்கெட். "அண்ணே, ஒரே ஒரு ஓவர் வெளிய நின்னுட்டு வாங்க" என்றான் யாரோ. சிரித்துக்கொண்டே போனார். சிக்ஸர் விழுந்தது... அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கம். விக்கெட் விழுந்தால் அண்ணன் வெளியே. நன்றாக ஆடிவிட்டால் நாங்களே ஓடிப்போய்த் தோளில் தூக்கி உள்ளே கொண்டுவருவோம். அவரே அடித்த மாதிரி கையை ஆட்டுவார்.

அவருக்கும் அது பிடித்திருந்தது என்று யாரும் கமெண்ட் போடாதீர்கள். வெளியே போக மறுத்தால் உள்ளே இடம் இருக்காது என்று அவருக்குத் தெரியும்.

கதவைக் கொஞ்சமாகத் திறந்து தலையை நீட்டுவார். "என்னாச்சி தம்பி?"

சொன்னா ராசி போயிரும்ணே என்போம். பார் முழுக்கச் சிரிக்கும்.

வெளியே நின்று போனில் பார்க்கிறார் என்று ஒருவன் கண்டுபிடித்தான். அன்றிலிருந்து, போகும்போது போனை டேபிளில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அதுவும் ஜோக்தான். எங்களுக்கு.

இன்னொன்று... என்னோடு ஸ்கூலில் படித்தவன் ஒருவன், அப்பா பெரிய ஆபீசர். ஒரு நாள் அவன் வந்து உட்கார்ந்ததும் அடுத்த பந்திலேயே விக்கெட். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. தள்ளி உட்கார்ந்து, ஸ்கிரீனுக்கு நேராக இடம் விட்டோம்.

பாரில் சாதி கிடையாது, இங்கே எல்லோரும் ஃபேன்தான் என்று இதே பக்கத்தில் நான் எழுதியிருக்கிறேன். லைக் அள்ளியது. உண்மைதான், நாங்கள் யாரிடமும் சாதி கேட்டதில்லை. பர்மனென்ட்டா கான்ட்ராக்ட்டா என்றும் கேட்டதில்லை. ராசி என்று ஒரு வார்த்தை கிடைத்தது. அதுவே போதுமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியான மேட்ச். அண்ணன் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு, சரியாகத் தூங்காமல் வந்திருந்தார். முதல் ஓவரிலேயே விக்கெட். எல்லோரும் அவர் பக்கம் திரும்பினோம்.

"இன்னிக்கி வெயிலு ஜாஸ்தியா இருக்குது தம்பி" என்றார்.

நாங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். போனை டேபிளில் வைத்துவிட்டு எழுந்தார்.

அதற்குப் பிறகு நம் டீம் வெளுத்து வாங்கியது. அதனாலேயே யாரும் அவரைக் கூப்பிடவில்லை. நடுவில் ஒரு தடவை கதவைத் திறந்துகொண்டு வாசலிலேயே நின்றார். "கதவ சாத்துங்கண்ணே, ஏசி போவுது" என்றோம். சாத்தினார்.

கொஞ்ச நேரம் கழித்து டேபிளில் அவர் போன் அடித்தது. நின்றது. மறுபடியும் அடித்தது. எடுத்து சைலண்ட்டில் போட்டோம்.

இன்னிங்ஸ் முடிந்ததும் அவரைத் தூக்கிக்கொண்டு வர ஓடினோம். பைக் ஸ்டாண்டில், தகர ஷீட்டுக்குக் கீழே, இரண்டு வண்டிக்கு நடுவில் சரிந்து கிடந்தார். உடம்பு அப்படிக் கொதித்தது. தண்ணீர் ஊற்றினோம், பேர் சொல்லிக் கூப்பிட்டோம். ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

பாரில் டிவியை யாரும் அணைக்கவில்லை. நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு ஸ்கோர் பார்த்தேன்.

ஜெயித்துவிட்டோம்.

நேற்று அடக்கம். அவர் போனை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மனைவி அதைக் கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"எத்தினி தபா போன் பண்ணேன் தம்பி... மணி அடிச்சிக்கினே இருந்துச்சி. அவரு வெளிய கெடந்தாரு, போனு எப்புடி உங்ககிட்ட இருந்துச்சி?"

நான் கூட வந்த பையன்களைத் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் அவர்கள் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டிருந்தார்கள்.

அந்த அக்காவிடம் போய் நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று காலையில் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன். எல்லோரும் படித்தாகிவிட்டது, நீல டிக் விழுந்திருக்கிறது. அதற்குக் கீழே ஒருவன், அடுத்த மேட்சுக்கு எந்த பார் என்று கேட்டிருக்கிறான்.

ஏழுமலை அண்ணே, உங்களிடம் மன்னிப்பு கேட்கப் போவதில்லை. கேட்டால் சிரித்துக்கொண்டே "வுடு தம்பி" என்பீர்கள். எனக்கு அது வசதியாகப் போய்விடும்.

போய் வாங்கண்ணே.

மற்றவர்களுக்கு... நாளைக் காலை முத்தாண்டிக்குப்பம் பஸ் ஸ்டாப்பில் நிற்பேன். தனியாகப் போய் அந்த அக்கா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த டேபிளில் உட்கார்ந்திருந்தவர்கள் இங்கே வந்து "வர்றேன்" என்று ஒரு வார்த்தை போடுங்கள். ஸ்டிக்கர் வேண்டாம்.

ஒருத்தராவது வாங்கடா.