ஜக்கம்மாளுக்கு டைபாய்டு

திருச்சுழியில் காசிராஜன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் நாங்கள் பதினோரு வருடம் குடியிருந்தோம். அவருக்குக் கடைத்தெருவில் சின்ன இரும்புக் கடை. வாளி, ஆணி, கலப்பைக் கொழு, கிணற்றுச் சகடை எல்லாம் அங்கே கிடைக்கும். அவர் மனைவி ஜக்கம்மாள் காரியாபட்டிப் பெண். பிள்ளை கிடையாது. அதை அவர் வாரத்துக்கு ஒரு முறையாவது தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொல்லிக்காட்டுவார். அந்த அம்மாள் பதில் பேசி நான் கேட்டதில்லை.

எழுபத்தொன்றாம் வருடம் பங்குனியில், கடையின் கணக்குப் புத்தகங்களைப் பத்தாம் தேதிக்குள் கொண்டுவரச் சொல்லி, அருப்புக்கோட்டை விற்பனை வரி ஆபீஸிலிருந்து அவருக்கு நோட்டீஸ் வந்தது. கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஆண்டிச்சாமியை ஆறு மாதம் முன்னால் கடையில் வைத்தே கன்னத்தில் அறைந்து அனுப்பியிருந்தார். அதற்குப் பிறகு ஒரு வரிகூட எழுதப்படவில்லை. வாய்தா கேட்டு மனுப் போட வேண்டும். மனுவுக்கு ஒரு காரணம் வேண்டும். 'என் மனைவி டைபாய்டு காய்ச்சலால் எழுந்திருக்க முடியாமல் படுத்த படுக்கையாய் இருக்கிறாள்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

வந்ததும் மனைவியைக் கூப்பிட்டார்.

"நாளையிலருந்து நீ வெளிய தல காட்டக் கூடாது. ஆபீஸுலருந்து விசாரிக்க ஆளு வருவான்."

"நல்லா இருக்கறவள படுக்கச் சொல்றீகளே. தண்ணிக்கு யாரு போறது?"

"ஆளு போட்டுக்கிறேன். நீ படு."

இரண்டு நாள் சும்மா இருந்தாள். மூன்றாம் நாள் அவள் குடத்தோடு குழாயடியில் நின்றதை யாரோ கடையில் போய்ச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து காலையில் கடைக்குப் போகும்போது வெளியே பூட்டுப் போட்டுச் சாவியை மடியில் கட்டிக்கொண்டு போனார்.

எட்டாம் நாள், காலை முதல் பஸ்ஸில் காரியாபட்டியிலிருந்து துட்டி சொல்ல ஆள் வந்தான். ஜக்கம்மாளின் தாயார் விடியக்காலையில் இறந்துவிட்டார். ஆள் நேரே கடைக்குத்தான் போனான். "அவளுக்கு டைபாய்டுப்பா, நிக்கக்கூட முடியாது. நான் போட்டது போட்டபடி வர ஏலாது. எடுத்துருங்கன்னு மச்சான்கிட்டச் சொல்லீரு" என்று காசிராஜன் அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்.

மனைவியிடம் மத்தியானம்தான் சொன்னார். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு.

"ஒங்காத்தா போயிட்டாக. இந்நேரம் எடுத்திருப்பாக."

அவள் கதவுக்கு ஓடுவதற்குள் அவர் வெளியே போய்ப் பூட்டிவிட்டார். உள்ளேயிருந்து கதவை அடித்தாள். "டைபாய்டு வந்தவ இப்படியா கத்துவா? வாய மூடு" என்று வெளியே நின்று சொல்லிவிட்டுக் கடைக்கு நடந்தார். அந்தச் சத்தம் எங்கள் வீட்டுக்கும் கேட்டது. நான் போகவில்லை. புருஷன் பெண்டாட்டி விஷயம் என்று இருந்துவிட்டேன்.

ஆபீஸிலிருந்து யாரும் வரவில்லை. ஒரு மாதம் வாய்தா கிடைத்தது. "முத தடவ கேட்டா யாருக்கும் ஒரு மாசம் குடுக்கறதுதானாம். காரணத்தக் கண்டுக்கவே இல்ல" என்று காசிராஜன் கடையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

அந்த மாதமும் கணக்கு எழுதாமலே போனது. இரண்டாவது வாய்தாவுக்கு அத்தாட்சி வேண்டும் என்றார்கள். மாமியார் செத்ததற்குக் கிராம முன்சீப்பிடம் சீட்டு வாங்கி வரச் சொல்லி, மனைவியையே காரியாபட்டிக்கு பஸ் ஏற்றிவிட்டார்.

வாசலில் வந்து நின்ற தங்கையை அண்ணன் சுப்புராஜ் ஏற இறங்கப் பார்த்தார். ஒரு முடி கொட்டவில்லை. உடம்பு இளைக்கவில்லை.

"இதான் டைபாய்டு வந்த ஒடம்பா? மக வந்து தண்ணி ஊத்தணும்னு அந்த வெயில்ல எம்புட்டு நேரம் போட்டு வச்சிருந்தோம் தெரியுமா? துட்டி சொல்லப் போனவன் வந்து சொன்னப்பெறகு அடுத்த வீட்டுக்காரி ஊத்துனா."

"பூட்டிட்டுப் போயிட்டாகண்ணே."

நடந்ததைச் சொன்னாள்.  சுப்புராஜ் முன்சீப்பிடம் போய்ச் சீட்டை வாங்கி வந்தார். "இங்கனயே இருந்துரு" என்று சொல்லிப் பார்த்தார். அவர் மனைவி வாய் திறக்காமல் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அது ஜக்கம்மாளுக்குப் போதுமானதாக இருந்தது. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள்.

நேரே கடைக்கு வந்தாள். நான் அப்போது வாளி வாங்கிக்கொண்டிருந்தேன். நாலு பேர் பார்க்க, "இந்தாங்க, எங்காத்தா செத்த சீட்டு" என்று தராசுத் தட்டில் வைத்தாள்.

காசிராஜன் அங்கேயே மனு எழுதினார். எழுதி முடித்ததும், வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"'என் மாமியார் பங்குனி மாதம் காலமானதால், நானும் என் மனைவியும் உடனிருந்து ஈமக்கிரியைகள் அனைத்தையும் செய்து முடிக்க வேண்டியிருந்தபடியால்...'"

"அப்ப நான் படுத்த படுக்கைன்னுல்ல முந்தி எழுதிக் குடுத்தீக?"

"அத யாரு எடுத்துப் பாக்கப் போறா?"

 "நானும் கூட இருந்தேன்னு வருதுல்ல, அந்த எடத்த இன்னொரு வாட்டி வாசிங்க" என்றாள். அவரும் வாசித்தார்.

பதினைந்து நாள் கொடுத்தார்கள்.