பனிச்சிறுத்தையும் இரண்டு சம்பந்திகளும்

2024 மார்ச் 9, சனிக்கிழமை, மாலை நாலு இருபது. லண்டன் ஹரோவில் தூறல், வெளியே எட்டுப் பாகை. மகளின் வீட்டு முன்னறையில் பதினாலு பேர் இருந்தோம். லடாக் மலைக்குப் பனிச்சிறுத்தை பார்க்கப் போய்த் திரும்பிய எங்கள் இருவருக்காகத்தான் அந்தக் கூட்டம். ஒருவன் நான். மற்றவர் என் சம்பந்தி, மருமகனின் தகப்பனார். எங்களுக்கு எழுபது வயதானதற்காகப் பிள்ளைகள் தந்த பயணம் அது. வழிகாட்டி, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்துப் பத்து நாள்.

மருமகனின் சித்தி தேத்தண்ணீர்த் தட்டோடு வந்து கேட்டார்: “என்ன, சிறுத்தையைக் கண்டனீங்களோ? இல்லாட்டிக் குளிருக்குப் பயந்து இழுத்துப் போர்த்துக்கொண்டு கிடந்தனீங்களோ?”

நான் வாயைத் திறக்குமுன் சம்பந்தி சொல்லிவிட்டார்: “ஓம், வடிவாக் கண்டனாங்கள். அண்ணைதான் என்னை முதல் பாக்க விட்டவர்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மகளுக்கு முகமெல்லாம் பெருமை. நானும் தலையாட்டினேன். உண்மையில் நாங்கள் இருவரும் அந்தச் சிறுத்தையின் வாலைக்கூடக் காணவில்லை. காணாததற்குக் காரணம் நான்.

எங்கள் பழக்கத்தில் பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளை வீட்டாருக்கு வழிவிட வேண்டும். இளையவர் மூத்தவருக்கு வழிவிட வேண்டும். நான் பெண்ணைப் பெற்றவன். ஆனால் அவரைவிட எட்டு மாதம் மூத்தவன். ஆகவே கல்யாணத்திலிருந்து பதினொரு வருடமாக, வாசற்படியிலும் காரிலும் சாப்பாட்டு மேசையிலும் “நீங்கள் முதல்”, “இல்லை, நீங்கள் முதல்” என்று இழுபறிதான். பிள்ளைகளுக்கு அது பகிடி. எனக்கோ கணக்கு. யார் எத்தனை தரம் மற்றவரை முந்த வைத்தார் என்று மனதுக்குள் எண்ணி வைத்திருந்தேன். அந்தக் கணக்கில் அவர்தான் எப்போதும் எனக்கு மேலே நின்றார்.

அவருக்கு இடது கண்ணின் நடுப்பார்வை ஏற்கெனவே போய்விட்டது. வலது கண்ணுக்கு மாதம் ஒரு ஊசி. டூட்டிங்கில் அவர் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நானே கூடப் போயிருக்கிறேன். “மிச்சமுள்ள கண்ணாலை உந்தச் சிறுத்தையை ஒருக்காக் காணவேணும்” என்று அவர் சொன்னதைக் கேட்டுத்தான் பிள்ளைகள் இந்தப் பயணத்தைத் தெரிவு செய்தார்கள். எனக்கு மிருகங்களில் அக்கறை கிடையாது. துணைக்குப் போனேன்.

ஆறு நாள் பனியும் பாறையும்தான். ஏழாம் நாள் காலை வழிகாட்டி கையை உயர்த்தினார். எதிர்ச்சரிவில் படுத்திருக்கிறது என்றார். வெறுங்கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இருந்தது ஒரேயொரு தொலைநோக்கி. எங்களோடு வந்த வெள்ளைக்காரத் தம்பதி பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு விலகினார்கள். அடுத்தது நாங்கள்.

“அண்ணை, பாருங்கோ. நீங்கள்தானே மூத்தவர்.”

“சீச்சீ, உங்களுக்காகத்தானே வந்தது. நீங்கள் முதல்.”

“ஒரு நிமிசம் பாத்திட்டு விடுங்கோ. பிறகு நான் பாக்கிறன்.”

“அது ஏலாது. நீங்கள் பாக்காமல் நான் கண் வைக்கமாட்டன்.”

வழிகாட்டி என் முழங்கையைத் தொட்டு, யாராவது ஒருவர் சீக்கிரம் பாருங்கள் என்று ஆங்கிலத்தில் கெஞ்சினார். நான் குனிந்து ஒரு கணம் பார்த்துவிட்டு விலகியிருந்தால் சம்பந்தி கண்டிருப்பார். அது எனக்கு அப்போதே தெரியும். இதைவிடப் பெரிய இடத்தில் அவரை வெல்ல எனக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைக்காது என்பதும் தெரிந்தது. அவருடைய தோளைப் பிடித்துத் தள்ளினேன். அவர் தோற்றுப்போனவராகச் சிரித்துக்கொண்டு குனிந்தார். அதற்குள் சிறுத்தை எழும்பி உச்சிக்கு அப்பால் போய்விட்டது என்றார் வழிகாட்டி. சம்பந்தி நிமிரவில்லை. அந்த வெறும் பாறையையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மிச்ச நாட்களில் அது திரும்ப வரவேயில்லை.

அப்படிப்பட்ட மனிதர் அத்தனை பேர் முன்னால் எனக்கு நல்ல பெயர் வாங்கித் தந்ததை என்னால் தாங்க முடியவில்லை. திங்கட்கிழமை காலை சுற்றுலாக் கம்பனிக்குப் போன் எடுத்து, அடுத்த வருட மாசிக்கு முற்பணம் கட்டி இரண்டு இடம் பதிந்தேன். ஒன்று அவருக்கு, ஒன்று மருமகனுக்கு. யாரிடமும் சொல்லவில்லை. முன்கூட்டிச் சொன்னால் வேண்டாம் என்று மறுத்து மறுபடியும் உபசாரம் தொடங்குவார் என்று நினைத்தேன்.

பயணத்துக்கு மூன்று மாதம் இருக்க, கார்த்திகையில் அவரிடம் சொல்ல டூட்டிங்குக்குப் போனேன். கதவைத் திறந்தவர், நான் குரல் கொடுத்த பிறகுதான் ஆளை அறிந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“உங்களுக்கு என்ன விசரே, அண்ணை?” என்று சிரித்தார். “இப்ப வலது கண்ணிலையும் நடு இல்லை. உங்கடை ரெண்டு காதும் தெரியுது, மூக்கைக் காணேல்லை. நான் எந்தச் சிறுத்தையைப் பாக்கிறது?”

பிறகு, “அண்டைக்கு மலையிலை நானும் விடாப்பிடியா நிண்டிட்டன்” என்றார்.

பழியில் பாதியையும் அவரே எடுத்துக்கொண்டார். இல்லை, முழுவதும் என்னுடையது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் கண் போய்விட்டது என்று கேட்டதும் எனக்குள் முதலில் எழுந்தது முற்பணம் திரும்பாதே என்ற எண்ணம். அவருடைய கண் இரண்டாவதாகத்தான் வந்தது. பிள்ளைகள் இன்றுவரை நாங்கள் சிறுத்தையைக் கண்டோம் என்றே நம்புகிறார்கள்.

மறுநாள் கம்பனிக்குப் போன் எடுத்து இரண்டு இடத்தையும் விட்டேன். ஐந்து பென்ஸுக்கும் வாதாடுகிறவன், அன்று முற்பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆளுக்கு அறுநூறு வீதம், ஆயிரத்து இருநூறு பவுண்.