மூலை மனையின் நத்தை ஓடுகள்

எனக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தபோது இன்னும் மோசம். புத்தகத்தை அப்படியே ஒப்பிக்கிற பிள்ளைகளைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். எதைப் படித்தாலும் மூன்று கேள்வி கேட்கச் சொல்வேன். யார் சொன்னது? எதை வைத்துச் சொன்னார்? சொன்னதால் அவருக்கு என்ன லாபம்?

ஒரு முறை, வீட்டில் காதில் விழுந்த ஏதாவது ஒரு பேச்சை இப்படிச் சோதித்து வரச் சொன்னேன். பெரும்பாலும் தாத்தா புலியை விரட்டிய கதைகள்தான் வந்தன. கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வரும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் ஒரு பேப்பர் பொட்டலத்தைப் பிரித்து என் மேசைமேல் கொட்டினாள். மண் ஒட்டிய நத்தை ஓடுகள்.

“எங்கப்பா மனை விக்கிறார் மிஸ். அது எப்பவுமே மேட்டு நிலம்தான்னு வர்றவங்ககிட்ட சொல்றார். மூலை மனையில முழங்கால் ஆழம் தோண்டினேன். எல்லாம் ஏரி நத்தை. மேட்டுல எப்படி மிஸ் இது வரும்?”

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். “சரி, இதைச் சொல்றதால உனக்கு என்ன லாபம்?” என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். மூன்றாவது கேள்வியைக் கோட்டை விட்டுட்டியே என்று செல்லமாகக் கடிந்துகொண்டேன்.

ரயிலில் கூட வரும் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? செய்தி அன்று மாலையே ஊருக்குப் போய்விட்டது. மறுநாள் அப்பா அவளை இழுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார்.

“டி.சி. குடுத்துடுங்க டீச்சர். பெத்தவனையே பொய்யன்னு சொல்லவா படிக்க அனுப்பினேன்? இனிமே வூட்லயே கெடக்கட்டும்.”

அப்படிப் படிக்கிற பெண். “சோதிச்சுப் பார்க்கச் சொன்னது நான். திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க.”

“உங்கள எதுக்குத் திட்டணும்? அந்த மூலை மனையப் பாத்துட்டுப் போனதே உங்க வூட்டுக்காரர்தானே! இவளுக்கும் அது தெரியும்.”

தூக்கிவாரிப் போட்டது. என் கணவர் மனை தேடி அலைவது தெரியும். யாருடைய மனை என்று நான் கேட்டதில்லை. அவளைப் பார்த்தேன்.

“பின்ன என்னப்பா?” என்று அழுதாள். “மிஸ் வூட்ல கைக்குழந்தை இருக்கு. மழையில தண்ணி உள்ள வந்தா எங்க தூக்கினு ஓடுவாங்க?”

அதன்பின் அவர் டி.சி. பேச்சை எடுக்கவில்லை. “சரி சரி, கிளாஸுக்குப் போ,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாங்கள் அந்த மனையை வாங்கவில்லை.

அத்தோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், வகுப்பு கலைந்ததும் அவள் மேசையருகே வந்து நின்றாள்.

“மூலை மனை வித்துடுச்சு மிஸ். வூடு கட்டக் கடைக்கால் எடுக்கறாங்க. அவங்க வூட்லயும் கைக்குழந்தை இருக்கு. அவங்களுக்கு யாரு மிஸ் சொல்றது?”

நான் போய்ச் சொல்லவில்லை. இன்றைக்கும் கூடுவாஞ்சேரிப் பக்கம் மழை என்று கேட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது.