ஆகஸ்டை வரைகிறவர்

இலை ஒன்றைக் கிள்ளி, விரல்களுக்கிடையே நசுக்கி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்த பிறகுதான் ஆர்கிரோ, தான் தோட்டம் போட்டுக் கொடுத்த வீட்டுக்காரர்களுக்கு வணக்கம் சொல்கிறார். அதற்கு முன்னால் வாசலில் யார் நின்றாலும் அவர் கண்ணில் படுவதில்லை. அடுத்து, செடியின் காலடியில் குந்தி ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் செருகுகிறார். விரல் காய்ந்து வந்தால் எழுந்து காபி கேட்பார். சர்க்கரை இல்லாமல், கெட்டியாக, கூடவே ஒரு டம்ளர் தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிடுவார். "மிச்சம் வெச்சா யாராவது எடுத்துச் செடியில ஊத்திருவாங்க" என்பார்.

கிரேக்கத்தின் எயினா தீவில் அவரை எல்லோருக்கும் தெரியும். 'காய்ஞ்ச தோட்டத்துக்காரி' என்றால் குழந்தைகூட வழி காட்டும். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஒல்லியான உடம்பு. முழங்கைவரை சுருட்டிவிட்ட ஆண்கள் சட்டை. சட்டைப் பையில் எப்போதும் வண்ணப் பென்சில்கள். மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிய மீன் கூடையில் செடிகள் குலுங்கக் குலுங்க அவர் துறைமுகத்தைக் கடக்கும்போது, காபிக் கடையிலிருந்து பிஸ்தா தோப்புக்காரர் ஸாக்காரியாஸ் குரல் கொடுப்பார்.

"என்ன ஆர்கிரோ, இன்னிக்கி எந்தத் தோட்டத்தைச் சாகடிக்கப் போற?"

"உன் தோப்பைப் போய்ப் பாரு. பொழுது சாஞ்சா குடிகாரன் மாதிரி குழாயையே பாத்துக்கிட்டு நிக்குது."

"தாகம் எடுத்தா கேக்கத்தானே செய்யும்?"

"கேக்கப் பழக்கினவன் நீ."

கடை சிரிக்கும். ஸாக்காரியாஸும் சிரிப்பார். ஆர்கிரோ மட்டும் சிரிக்காமல் கியரை மாற்றுவார்.

ஏதென்ஸில் பல வருடங்கள் படம் வரைந்து பிழைத்தவர் இவர். பள்ளிப் புத்தகங்கள், சிறுவர் கதைகள், வார இதழ்களின் சமையல் பக்கங்கள். அச்சகத்திலிருந்து போன் வந்த பிறகு உட்கார்ந்து, பக்கம் அச்சுக்குப் போவதற்குள் எட்டுக் கால்களோடும் ஓர் ஆக்டோபஸை முடித்துக் கொடுக்கிற கை. தாமதமாகக் கொடுத்தார் என்று ஒருவரும் சொன்னதில்லை. ஒரே ஒரு படத்தைத்தான் அவர் கொடுக்க மறுத்தார்.

இயற்கைப் பாடநூலுக்கு ஒரு மலைப்புதர் வேண்டும் என்றார்கள். புகைப்படத்தைப் பார்த்து வரைந்திருக்கலாம். ஆர்கிரோ பேருந்து ஏறி நகரத்தை ஒட்டிய இமிட்டோஸ் மலைக்குப் போனார். ஆகஸ்ட் மாதம். புதர் பாதி இலைகளை உதிர்த்துவிட்டு, மிச்சத்தை முறுக்கிச் சுருட்டிக்கொண்டு, சாம்பல் பூசியதுபோல் நின்றது. ஒரு குச்சியை நகத்தால் கீறிப் பார்த்தார். தோலுக்கு அடியில் பச்சை. "அது சாகல. கண்ணை மூடிக்கிட்டு இருந்துச்சு. வெயில் போற வரைக்கும் யாரும் என்னை எழுப்பாதீங்கன்னு" என்று இப்போதும் அந்தப் புதரைப் பற்றிச் சொல்கிறார். கண்டபடியே வரைந்து கொண்டுபோனார்.

"இது என்னம்மா, செத்த செடியா? பிள்ளைங்க பாக்குற புத்தகம்" என்றார் பதிப்பாசிரியர்.

"உயிரோடதான் இருக்கு."

"அப்ப கொஞ்சம் பச்சை போடு."

போடவில்லை. வேறு யாரோ போட்டார்கள், புத்தகம் வந்தது. வாழ்க்கை ஒன்றும் அன்றே திசை திரும்பிவிடவில்லை. அதற்குப் பிறகும் ஆர்கிரோ கத்தரிக்காய்களையும் முயல்களையும் வரைந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் ஒவ்வொரு கோடையிலும் மலைகளில் அலைந்தார். அம்மா இறந்து எயினாவிலுள்ள வீடு அவர் பங்குக்கு வந்தபோது, அந்தக் கல்லும் முள்ளுமான கொல்லையில் தான் பார்த்த செடிகளை நட்டார். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "எங்க வீட்டுக்கும் இப்படி ஒண்ணு போட்டுக் குடேன்" என்றார். தொழில் மாறியது அப்படித்தான்.

மற்ற தோட்ட வடிவமைப்பாளர்கள் ஏப்ரல் மாதத்துத் தோட்டத்தை வரைந்து காட்டுவார்கள். ஊதாவும் மஞ்சளுமாய்ப் பூத்துக் குலுங்கும். ஆர்கிரோ காட்டுவது ஆகஸ்ட். வீட்டுக்காரர் முன்னால் மேசையில் தாளை விரித்து, அந்தத் தோட்டம் கோடையின் நடுவில் எப்படி இருக்குமோ அப்படியே வரைகிறார். அவர் பெட்டியில் பச்சைப் பென்சில்கள் கடையில் வாங்கிய நீளத்தில் இருக்கும். பழுப்புகள் எல்லாம் பிடிக்க முடியாத துண்டுகள். அந்தப் பழுப்புகளுக்கு அவரே பெயர் வைத்திருக்கிறார்: ரொட்டித் தோல், கழுதை முதுகு, காபி மண்டி, பழைய கயிறு. வரைந்து முடித்ததும் தாளை வீட்டுக்காரர் பக்கம் திருப்பி வைத்து, "இது பிடிச்சிருந்தா மேல பேசலாம். ஏப்ரல் யாருக்கு வேணாலும் பிடிக்கும்" என்பார். பலர் காபியோடு அனுப்பிவிடுவார்கள். ஆர்கிரோவுக்கு அதில் வருத்தம் இல்லை.

பழுப்பைப் பார்த்ததும் கைதட்டிய ஒரே ஆள் பன்டெலிஸ்.

பிரேயஸ் துறைமுகத்துக்குப் போய்வரும் கப்பலில் கயிறு வீசிக் கட்டும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய வயிறு, அதைவிடப் பெரிய குரல். ஆர்கிரோ அவரைக் 'கேப்டன்' என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பொய்யில் மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம். "வாழ்நாள் பூரா தண்ணி மேலயே நின்னாச்சு, ஓவியக்காரம்மா. இனிமே தண்ணியே கேக்காத ஒண்ணு வேணும்" என்றார். அவர் மனைவி ஸ்தமாத்தா தாளை எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இதுக்கு எதுக்குத் தோட்டம்? அடுப்புச் சாம்பலைக் கொட்டி வெச்சாப் போதுமே."

நவம்பரில், முதல் மழை மண்ணுக்குள் இறங்கியதும் நட்டார்கள். லாவெண்டர், சேஜ், தைம், லதானியா. எல்லாம் கைக்குள் அடங்குகிற கன்றுகள். பெரிய செடியாக வைத்தால் இந்த மண்ணில் வேர் ஊன்றாது. சமையலறைக் கதவுக்கு எதிரே இருந்த குழியில் பன்டெலிஸ் தானே மண்டியிட்டு ஒரு லதானியாவை வைத்தார். வசந்தத்தில் கசங்கிய காகிதம்போல் இளஞ்சிவப்பாகப் பூக்கும் மலைப்புதர் அது. எழுந்திருக்க முடியாமல் இருவர் பிடித்துத் தூக்கியதும், "என்னைத் தூக்குறதுக்கு ரெண்டு பேர், அதை வைக்கிறதுக்கு ரெண்டு விரல்" என்று சிரித்ததும் ஆர்கிரோவுக்கு நினைவிருக்கிறது.

முதல் கோடையில் மட்டும் எப்போதாவது ஒரு தடவை, ஆழமாகத் தண்ணீர் விட்டார்கள். அதோடு சரி. அடுத்த கோடையிலிருந்து ஒரு சொட்டுக்கூடக் கூடாது. வேர் தானாகக் கீழே இறங்கித் தேட வேண்டும். கோடையில் உறங்கும் இந்தச் செடிகளுக்குச் சூடான மண்ணில் தண்ணீர் விட்டால் வேர் அழுகிவிடும். மேலே தளதளவென்று துளிர்க்கும், அப்புறம் ஒரே வாரத்தில் மொத்தமும் கருகும். ஆர்கிரோ பார்த்த தோட்டச் சாவுகள் எல்லாம் தாகத்தால் வந்தவை அல்ல, பிரியத்தால் வந்தவை. சாயங்காலம் முற்றத்தைக் குழாயால் நனைக்காத வீடு இந்தத் தீவில் இல்லை. சூடு தணியும், புழுதி அடங்கும், நாற்காலி போட்டு உட்காரலாம். நனைத்துக்கொண்டே போகிற கை, 'பாவம்' என்று பக்கத்துச் செடிக்கும் கொஞ்சம் காட்டிவிடும்.

இரண்டாவது கோடை தொடங்கியபோது பன்டெலிஸ் பிரேயஸ் மருத்துவமனையில் இருந்தார். ஜூலையில் இறந்துபோனார்.

நாற்பதாம் நாள் பூசை ஆகஸ்டில், மாதா திருநாள் கழிந்து சில நாளில் வந்தது. கோயிலில் வேகவைத்த கோதுமையும் மாதுளை முத்தும் போட்ட காகிதப் பைகளைக் கையில் வாங்கிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். காபியும் பிராந்தியும் சுற்றின. கறுப்புடை அணிந்த உறவுக்காரப் பெண்கள் தோட்டத்தைப் பார்த்து வியந்தார்கள்.

"ஊரே காஞ்சு கெடக்கு, இங்க பாரேன் எப்படிப் பச்சையா இருக்கு!"

"ஸ்தமாத்தா கைராசிடீ."

ஆர்கிரோ கதவருகிலேயே நின்றுவிட்டார். லதானியாவில் புதுத் துளிர்கள் மினுமினுத்தன. சேஜ் இலைகள் கீரைபோல் அகன்றிருந்தன. ஆகஸ்டில் பச்சை என்றால் அவருக்குக் காய்ச்சல் கண்ட குழந்தையின் கன்னம். குந்தி மண்ணுக்குள் விரலை விட்டார். சேறு ஒட்டி வந்தது. அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விருந்தினர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பும்வரை, பிராந்தியைத் தொடாமல் காத்திருந்தார்.

கடைசி ஆளும் போன பிறகு ஸ்தமாத்தா கோப்பைகளை எடுக்க வந்தார்.

"தண்ணி விடுறீங்களா, அக்கா?"

"கொஞ்சந்தான்."

"தினமுமா?"

ஸ்தமாத்தா கோப்பைகளை அடுக்கினார்.

"அக்கா, இது கேப்டன் ஆசைப்பட்ட தோட்டம். இன்னும் ஒரு வாரம் விட்டீங்கன்னா ஒண்ணுகூட மிஞ்சாது. இப்ப நிறுத்தினா பாதியாவது பொழைக்கும். தண்ணி குடுத்தா செத்துரும்க்கா."

ஸ்தமாத்தா அடுக்கி எடுத்த கோப்பைகளை மேசையில் திரும்ப வைத்தார்.

"இதையேதான் அந்த டாக்டரும் சொன்னாரு."

ஆர்கிரோவுக்குப் புரியவில்லை. ஸ்தமாத்தா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, தோட்டத்தைப் பார்த்தபடியே பேசினார்.

"அவரால முழுங்க முடியல. குடிச்சா நுரையீரலுக்குள்ள எறங்கிடும், குடுக்காதீங்கன்னு கட்டிலுக்கு மேல எழுதி மாட்டிட்டாங்க. அந்த மனுஷன் என் கையப் புடிச்சிக்கிட்டு, 'ஸ்தமாத்தா, தண்ணி. ஒரு வாய்.' குழந்த மாதிரி கெஞ்சினாரு. நான் பஞ்ச நனச்சு உதட்டத் தொடச்சேன். வேற ஒண்ணும் குடுக்கல. சொன்ன பேச்சக் கேட்டேன். குடுக்கலன்னாலும் செத்தாரே, ஆர்கிரோ."

வெளியே யார் வீட்டிலோ முற்றத்தை நனைக்கத் தொடங்கியிருந்தார்கள். சூடான சிமெண்டில் தண்ணீர் விழும் மணம் சுவர் தாண்டி வந்தது.

"சாயங்காலம் ஆனா இதுங்க எல்லாம் வாயத் தெறந்துக்கிட்டு என்னையே பாக்குற மாதிரி இருக்கு. நான் எப்படி உள்ள போயி கதவச் சாத்திக்குவேன், சொல்லு?"

சொல்வதற்கு ஆர்கிரோவிடம் நிறைய இருந்தது. செடி வாய் திறப்பதில்லை, அது உறங்குகிறது. குச்சியைக் கீறிக் காட்டலாம். வேரைத் தோண்டிக் காட்டலாம். தாளை எடுத்து, மழை வந்த பிறகு இது எப்படி எழும் என்று வரைந்தும் காட்டலாம். அத்தனையும் உண்மை. அந்த டாக்டர் சொன்னதும் உண்மைதான்.

எழுந்து தோட்டத்தை ஒரு சுற்று நடந்தார். ஒவ்வொரு செடியின் முன்னாலும் நின்றார். திரும்பி வந்து கேட்டார்: "ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் குடுக்குறீங்களா? மத்ததெல்லாம் தூங்கட்டும். கேப்டனுக்காக விட்டுருங்க. ஒண்ண உங்களுக்காக வெச்சுக்கங்க. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

ஸ்தமாத்தா யோசிக்கவே இல்லை. சமையலறைக் கதவுக்கு எதிரே கையைக் காட்டினார்.

"அது அவர் கையால வெச்சதுக்கா" என்றார் ஆர்கிரோ. குரல் தணிந்திருந்தது. "அது செப்டம்பர் தாண்டாது."

"தெரியும்."

"வேற எதையாவது..."

"செத்தா சாகட்டும், கண்ணு. தாகத்தோட சாக வேணாம்."

ஆர்கிரோ சுவரோரம் கிடந்த ரப்பர் குழாயை இழுத்து வந்து முனையை ஸ்தமாத்தாவின் கையில் கொடுத்தார். போய்க் குழாயைத் திறந்தார். தண்ணீர் வரும் வேகத்தில் வேர்மண் அரித்துப் போகாமல் இருக்க, செடியின் காலடியில் மண்டியிட்டு, விழும் தண்ணீருக்குக் கீழே தன் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டார்.