எழுத்து வராத பதினொரு கவிதைகள்

கடைசியாக நானும் அப்பாவும் சேர்ந்து செய்த வேலை, பிரிண்டரில் சிக்கிய தாளை எடுத்தது. அவர் முனையைப் பிடித்தார். நான் மூடியைத் திறந்து இழுத்தேன். தாள் முழுக்க ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் கலந்த குப்பை.

"கடதாசியிலயாவது தமிழ் வருமெண்டு நினைச்சன்."

"திரையில இல்லாதது கடதாசியில எப்படியப்பா வரும்?" சிரித்துவிட்டேன்.

அப்பா இராசநாயகம் யாழ்ப்பாணத்தில் வரலாறு படிப்பித்தவர். ஆக்லாந்தில், மனுரேவாக் கிடங்கொன்றில் பெட்டி அடுக்கினார். தொண்ணூற்றைந்தில் ஊரில் பேச்சுவார்த்தை முறிந்தபின் அயர்லாந்து வரலாற்றை நூலகத்தில் எடுத்து வாசிக்கத் தொடங்கினார். அது போதாமல் அந்த மொழியையே படிக்கப் போனார். பிளாக்ஹவுஸ் பேயில் அயர்லாந்திலிருந்து வந்த நோரா என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை சனிக்கிழமைகளில் ஐரிஷ் சொல்லிக்கொடுத்தார். ஐரிஷில் கவிதையும் எழுதுவார்.

"தேவாரத்தை மறந்தாலும் மறப்பார், நோராவின்ர வீட்டுப்பாடத்தை மறக்கார்" என்பார் அம்மா.

நோராவின் பதினொரு கவிதைகளை அப்பா இரண்டு வருடத்தில் தமிழாக்கினார். ஒன்றில், சோதனைச்சாவடியில் பெயர் கேட்கும்போது பயத்தில் தன் ஐரிஷ் பெயரை விட்டு ஆங்கிலப் பெயரைச் சொல்லிவிடுகிறாள் ஒரு பெண். "உது எங்கட கதை, பிள்ளை" என்றார். தமிழில் அவை எப்படி ஒலிக்கும் என்று கேட்க நோராவுக்கு ஆசை. அயர்லாந்துச் சமாதான ஒப்பந்தத்துக்கான மே மாத வாக்கெடுப்பு முடிந்ததும் வந்து வாசிப்பதாக அப்பா சொல்லியிருந்தார்.

"தாள் துலைஞ்சிடும், கணினியில அடியுங்கோ" என்று சொன்னவள் நான். தாளில் எழுதாமல் நேரே கணினியில் ஒற்றை விரலால் அடித்தார்.

தொண்ணூற்றெட்டு ஏப்ரலில் கணினியை அழித்துப் புதிதாக நிறுவினேன். கோப்புகளைப் பிரதி எடுத்தேன். தமிழ் எழுத்துருவை எடுக்கவில்லை. டொரொன்டோவிலிருந்து யாரோ அனுப்பிய, அந்த எழுத்துரு இருந்த டிஸ்க்கும் பழுது. அப்போது ஒவ்வொரு தமிழ் எழுத்துருவுக்கும் ஒவ்வோர் ஒழுங்கு. வேறொன்றில் திறந்தால் குப்பைதான்.

"அரை நாள் வேலையப்பா. மாத்திறதுக்கு ஒரு புரோகிராம் எழுதித் தாறன்." எனக்கு அதுதான் தொழில்.

மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறை, "பிள்ளைக்கு நேரமிருந்தால்" என்று தொடங்கினார்.

மே 22 வாக்கெடுப்பில் சமாதான ஒப்பந்தம் வென்றது. "ஆளையாள் சுட்டவங்கள் ஒரு மேசையில இருந்து கதைச்சு முடிச்சிட்டாங்கள், பிள்ளை. நோரா போனில அழுதவ."

"ம்" என்றேன். அலுவலக வேலை. திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூன் 16 காலை, மனுரேவா ரயில் மேடையில் அவர் இதயம் நின்றது.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த மறுநாள் கணினி முன் உட்கார்ந்தேன். எழுத்துரு இருந்தபோது அவர் அச்சடித்த ஒரு கடிதத்தை அதன் கோப்போடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, அந்தப் புரோகிராமை எழுதினேன். நான்கு மணி நேரம். பதினொன்றும் வந்தன, ஒரு புள்ளி குறையாமல்.

குளிர்சாதனப் பெட்டியில் அவருடைய நாட்காட்டி இன்னும் தொங்குகிறது. மே 30இல் எழுதியிருக்கிறார்: "நோரா வீடு, வாசிக்க." அங்கிருந்து ஜூன் 6க்கு ஓர் அம்புக்குறி. அங்கிருந்து 13க்கு. அங்கிருந்து 20க்கு.