கூடத்து நடுவில் சிமெண்டுப் பூச்சு

கடப்பாரை கூடத்துத் தரையில் முதலில் இறங்கியபோது அங்கே இருந்தவர்கள்: அப்பா, அம்மா, அக்கா, அவள் இடுப்பில் நான்கு வயது மகள், ஒரு கொத்தனார், வேப்பிலையோடு வந்த பூசாரி, நான். இல்லாதவர் மாமா, அதாவது அக்காவின் கணவர். விடியுமுன்பே வேனை எடுத்துக்கொண்டு போயிருந்தார். அவர் அங்கே இல்லை என்பதை அன்று யாரும் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

திருப்போரூரை அடுத்த மனைப்பிரிவில் அந்த வீட்டைக் கட்டியது மாமாதான். கல்பாக்கத்துக்கு வேலைக்குப் போகிறவர்களை ஏற்றி இறக்கும் வேன் அவருடையது. எங்கள் எல்லோரையும் தன்னோடு வைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். செங்கல்பட்டில் நான் படித்த படிப்புக்கும் பணம் அந்த ஸ்டேரிங்கிலிருந்துதான் வந்தது. அவர் உள்ளே வந்தால் அப்பா எழுந்து நிற்பார். அப்படிப்பட்ட மாப்பிள்ளை.

குடிபுகுந்த அடுத்த வருடம் அந்த நாற்றம் வந்தது. குடத்துத் தண்ணீரில் போட்டு மறந்துபோன சாமந்தி அழுகியது போல, அதற்கு அடியில் லேசாகத் துருவின் வாடை. பகலில் இருக்காது. பொழுது சாய்ந்ததும் கூடத்துக்கு வரும். சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து நிற்கும். பிறகு அக்காவின் அறைக்குள் போய்விடும். எலி செத்திருக்கும் என்று பீரோவை நகர்த்திப் பார்த்தோம். அம்மா சாம்பிராணி போட்டாள்; புகை கலைந்த பிறகும் அது இருந்தது. "ஏரியத் தூத்துப் போட்ட மனைங்க இது. அடியில இன்னா கீதோ, யாருக்குத் தெரியும்?" என்றார் பக்கத்து மனைக்காரர். "நீ படிச்சவனாச்சே, சொல்லுடா" என்றாள் அம்மா. ஏரிச் சேற்றில் மட்கிப்போனதிலிருந்து வாயு கிளம்பும் என்று நான் விளக்கினேன். அடங்காத ஆத்மா என்றார் பூசாரி. வாயுவோ ஆத்மாவோ, இருவரும் கூடத்தின் நடுவைத்தான் காட்டினோம்.

இடுப்பளவு தோண்டியும் ஈர மணலும் கிளிஞ்சலும்தான் வந்தன. ஆனால் அன்று பொழுது சாய்ந்தும் நாற்றம் வரவில்லை. "ஓடிப்போச்சு பாத்தீங்களா" என்று பூசாரி தட்சிணை வாங்கிக்கொண்டு போனார். விளக்கு வைத்த பிறகு மாமா வந்தார். பள்ளத்தை எட்டிப் பார்த்து, "இன்னா மச்சான், வூட்டுக்குள்ளயே மெட்ரோ ரயில் வுடப் போறியா?" என்று வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்கியபோது நாற்றம் கூடத்தில் நின்றுகொண்டிருந்தது. குழந்தை அக்காவின் முந்தானையில் மூக்கைப் புதைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்பா தோள்ல பேயி குந்திகினு வருது."

யாரும் அவளை அதட்டவில்லை. மறுநாள் அம்மா தாயத்து வாங்கி வந்தாள். மாமா ஒன்றும் கேட்காமல் கையை நீட்டினார். அக்கா மட்டும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

குழந்தையின் பேச்சு என்னை விடவில்லை. அடுத்த வாரம், கல்பாக்கத்தில் நண்பனைப் பார்க்கப் போவதாகச் சொல்லி விடிகாலையில் வேனில் ஏறினேன். மாமல்லபுரம் தாண்டும்போது ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. கடல்காற்று முகத்தில் அறைந்தது. வண்டி நிறைய ஆட்கள். பின்னால் இரண்டு பேர் நின்றுகொண்டே வந்தார்கள். ஆனால் டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட் காலி. நான் போய் அதில் உட்கார்ந்தேன். எதிர்வரிசைப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு வெளியே பார்க்கத் தொடங்கினாள். சதுரங்கப்பட்டினம் நெருங்கும்போது மழை பிடித்தது. ஜன்னல்களை ஒவ்வொன்றாக மூடினார்கள். கடைசிக் கண்ணாடியும் மூடியதும் அது வந்தது. எங்கள் கூடத்தில் இருந்த அதே சாமந்தி, அதே துரு. இங்கே ஏரியும் இல்லை, மனையும் இல்லை. மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்து, "நாஸ்தா துன்னியா மச்சான்?" என்றார். அந்தச் சொற்களோடு சேர்ந்து நாற்றம் இன்னும் ஓங்கி வந்தது.

எல்லோரும் இறங்கிய பிறகு கேட்டேன். "மாமா, வாய்ல எதுனா வலிக்குதா?"

அவர் என்ஜினை அணைத்தார். "மேல் பல்லு ஆடுது. ஈறுல சீழு. கிராம்பு வெச்சிக்கினு ஓட்டிக்கினு கீறேன்."

"புடுங்கிடலாமே மாமா."

"மேல் பல்லப் புடுங்கினா கண்ணு பூடும்னு சொல்றாங்க. எனுக்குக் கண்ணு பூட்டா வண்டி பூடும். வண்டி பூட்டா உங்க எல்லார் சோறும் பூடும்." கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தார். "வாட அடிக்குதா?"

நான் பக்கத்து ஜன்னலைத் திறந்தேன். அவர் திரும்பி எனக்குப் பின்னாலிருந்த காலி சீட்டுகளைப் பார்த்தார்.

"உங்கக்காவுக்குத் தெரியுமா?"

நான் அடுத்த ஜன்னலையும் திறக்கப் போனேன்.

"அப்ப எதுக்குடா தரைய ஒடச்சீங்க?"

செங்கல்பட்டில் பல் மருத்துவர் அவர் வாயைப் பார்த்தவுடன் கேட்டது சர்க்கரையைப் பற்றி. மாமா தவறாமல் மாத்திரை போடுகிறவர்தான். மாத்திரை எழுதித் தந்த டாக்டரிடம் வாயைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பல் வேறு, உடம்பு வேறு என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் இருந்தோம். "ஈறுல சீழ் இருக்கிற வரைக்கும் சர்க்கரை சரியா இறங்காது, சர்க்கரை இறங்காத வரைக்கும் ஈறு ஆறாது. ஒண்ணு இன்னொண்ணுக்குத் தீனி போட்டுக்கிட்டிருக்கு" என்றார் அவர். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே பிடுங்குவேன் என்றவர், அதற்குள் கண்ணையும் காட்டிவிடச் சொன்னார்.

கண் மருத்துவமனையில் மாமாவின் வலது கண்ணைக் கையால் மறைத்து, எதிரே இருந்த பலகையைப் படிக்கச் சொன்னார்கள். அறையில் குழல்விளக்கு பளீரென்று எரிந்துகொண்டிருந்தது. மாமா சிரித்தபடி கேட்டார்: "இன்னா டாக்டர், லைட்ட அணைச்சிட்டியா?"

விழிக்குள் ரத்தம் கசிந்து, இடது கண் எப்போதோ போயிருந்தது. மற்றக் கண் பார்த்துக்கொண்டதால் அவருக்கே தெரியவில்லை. பல்லுக்கும் கண்ணுக்கும் நேர் நரம்பு எதுவும் கிடையாது, இது அடங்காத சர்க்கரையின் வேலை என்று அந்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஒரு பல்லைக்கூட இன்னும் பிடுங்கியிருக்கவில்லை. அந்தக் கண்ணைக் காப்பாற்றத்தான் அவர் அத்தனை நாள் வலியோடு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

வேன் நிறைய ஆட்களை, ஒரு நாள் என்னையும், கல்பாக்கம் சாலையில் மழையிலும் இருட்டிலும் அந்த ஒற்றைக் கண்தான் ஏற்றி இறக்கியிருக்கிறது என்பது, நான் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற இப்போதும், சில நேரம் நினைவுக்கு வரும். ஒற்றைக் கண்ணோடு ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் வேனை விற்றுவிட்டோம்.

ஆடிய பல்லெல்லாம் எடுத்தபின் ஈறு ஆறியது, சர்க்கரை இறங்கியது, நாற்றம் ஒரு நாள் இல்லாமல் போனது. அது போனது எந்த நாள் என்று யாருமே கவனிக்கவில்லை. உடைத்த இடத்துக்கு அதே டைல்ஸ் கிடைக்கவில்லை. கூடத்து நடுவில் சாம்பல் நிறச் சிமெண்டுப் பூச்சு அப்படியே இருக்கிறது. மாமாவின் நாற்காலியை அதன் மேல்தான் போட்டிருக்கிறோம். பேசுவதற்கு முன் இன்றும் உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பார்த்துக்கொள்கிறார். "ஒண்ணும் இல்லங்க, பேசுங்க" என்று இப்போது அக்கா வாய்திறந்து சொல்கிறாள். ‘உங்க வாய்ல வாட அடிக்குது’ என்ற ஒரு வாக்கியத்தை அவளும் நாங்களும் முன்பே சொல்லாததற்கு ஆன செலவு: மேல் வரிசையில் ஆறு பல், இடது கண், வேன்.